ஒரு சாண் ரப்பர் குழாய்

என் காரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு முதன்முதலாக எரிந்தபோது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில், பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். பி0171 என்று வந்தது. என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அதற்குப் பொருள். அதைக் கண்டு சொல்வது ஆக்சிஜன் சென்சார் என்று படித்ததும் அந்தச் சென்சாரையே வாங்கி மாற்றிவிட்டேன். குறியீட்டையும் அழித்தேன். இரண்டு நாள் விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாள் காலை மறுபடியும் எரிந்தது.

தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டினால் தெர்மாமீட்டரை மாற்றிப் பயனில்லை. சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது. குறியீடு சொல்வது அறிகுறியை. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அல்ல. இதை நான் அந்தச் சென்சாரின் விலையைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த முறை அவசரப்படவில்லை. ஸ்கேனரில் நேரடி அளவுகளைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. பலர் அதைத் திறப்பதே இல்லை. நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற அளவு அதில் இருக்கும். கலவையைச் சரிசெய்ய வண்டியின் கணினி எத்தனை சதவீதம் எரிபொருளைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. கலவை சரியாக இருந்தால் அது பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படலாம். என் வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது 22 காட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குக் கொண்டுபோனால் 6-க்கு இறங்கியது. குழாயில் விரிசல் இருந்தால் இப்படித்தான் நடக்கும்: என்ஜின் குறைவாக மூச்சு வாங்கும்போது திருட்டுத்தனமாக நுழையும் காற்றின் பங்கு பெரிது, வேகம் கூடும்போது அது சிறிதாகிவிடும். பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். மெல்லிய ‘உஸ்’ என்ற சத்தம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கைக்கு எட்டாத மூலையில், ஒரு சாண் நீளமுள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதே அளவில் புதிய குழாயை வெட்டிப் பொருத்தினேன். சென்சாருக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. ஒரு வாரத்தில் திருத்த அளவு 3-க்கு வந்தது.

அடுத்த ஆண்டு பி0301 வந்தது. முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று பொருள். காரணம் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கா, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலா, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா? இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டிகளில் செய்யலாம். என்ஜினை அணைத்து ஆறவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாற்றிப் போட்டேன். குறியீட்டை அழித்து வண்டியை ஓட்டினேன். பி0302 வந்தது. பழுது காயிலோடு சேர்ந்தே இடம் மாறிவிட்டது! ஒரே ஒரு காயில் வாங்கினேன், வேலை முடிந்தது. எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்பே விடை கிடைத்த அந்த மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையை எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

ஆனால் இந்த மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும். பிறகு மலிவான பழுது என்ற பேச்சே இல்லை. சிவப்பு ஆயில் விளக்கும் சிவப்பு வெப்ப விளக்கும் ஓரங்கட்டி என்ஜினை அணைக்கச் சொல்பவை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஏர்பேக் விளக்கு எரிந்தால் நான் கை வைப்பதில்லை. அதற்குள் வெடிபொருள் இருக்கிறது. அது தெரிந்தவர் வேலை.

குறியீட்டை உடனே அழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பழுது நேர்ந்த கணத்தில் என்ஜின் என்ன வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் கணினி சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியமும் சேர்ந்தே போய்விடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுகிறேன்.

பேட்டரி விளக்குக்கு மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.5-இலிருந்து 14.7 வோல்ட் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் முதலில் பெல்ட்டையும், முனைகளில் படிந்த வெள்ளைப் பொடியையும் பாருங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

இப்போது ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு அது. சாதாரண பிரேக் பிடிக்கிறது, சிவப்பு பிரேக் விளக்கு எரியவில்லை, பிரேக் ஆயிலும் மேல்கோட்டில் நிற்கிறது. குறியீடு பின்பக்க வலது சக்கரத்தின் வேக சென்சாரைக் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தைக் கழற்றப்போகிறேன். சென்சாரை அல்ல, அதற்குப் போகும் வயரையும் அதன் முனையில் ஒட்டிய சேற்றையும் முதலில் பார்ப்பேன்.