அவரைப் பந்தலும் மான்களும்

ஜனவரி 6

அவரைக் கொடியின் கொழுந்துகள் ஒரே இரவில் காணாமற்போயிருந்தன. முயலின் வேலையாக இருக்கும் என்று அடுத்த தோட்டத்துக்காரர் சொன்னார். ஆனால் முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். இங்கோ தண்டுகளின் முனைகள் நார்நாராகக் கிழிந்திருந்தன. மானுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களை மேலே உள்ள தடித்த ஈறோடு அழுத்தி, இலையை இழுத்துக் கிழித்துத்தான் அது மேய்கிறது. பந்தல் என் நெஞ்சு உயரம் வரை மொட்டையாகியிருந்ததும், ஈரப் பாத்தியில் பதிந்திருந்த பிளவுபட்ட குளம்புத் தடங்களும் மிச்சமிருந்த ஐயத்தைப் போக்கின.

ஜனவரி 9

வெங்காயம், பூண்டு, புதினா ஆகியவற்றை அவை தொடவில்லை. கடுமையான மணமுள்ள இலைகளை மான்கள் பெரும்பாலும் ஒதுக்குகின்றன. எனினும் ‘மான் உண்ணாத செடிகள்’ என்ற பட்டியல்களை நான் அளவோடுதான் நம்புகிறேன். வெளியே பசுமை வற்றிப் பசி முற்றும்போது அந்தப் பட்டியல் சுருங்கிவிடும். ரோஜாவை முள் காப்பாற்றும் என்று எண்ணுவோர் அதன் தளிர்கள் போன வேகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 17

அழுகிய முட்டைக் கரைசலை ரோஜாச் செடிகளின்மேல் தெளித்தேன். அந்த நாற்றம் மான்களை விலக்குவது உண்மையே. ஆனால் மழை பெய்தால் மறுபடியும் தெளிக்க வேண்டும். தெளித்த பிறகு துளிர்க்கும் இலைக்கு எந்தக் காப்பும் இல்லை. நாம் பறித்து உண்ணும் கீரைமேல் அதைத் தெளிக்க எனக்கு மனமில்லை. இரவில் வானொலியை ஒலிக்கவிடுவதும் விளக்கை எரியவிடுவதும் இன்னும் குறுகிய காலத்துக்கே உதவுகின்றன, ஏனென்றால் ஆபத்து எதுவும் தொடராத ஓசைக்கும் ஒளிக்கும் மான்கள் விரைவில் பழகிவிடுகின்றன. வேலி எழும்வரை நாள் கடத்துவதற்கு இவை போதும்.

பிப்ரவரி 2

வேலிக்கால்களுக்குக் குழி தோண்டத் தொடங்கினோம். ஒற்றை வேலி என்றால் எட்டு அடி உயரம் வேண்டும். அதற்குக் குறைந்ததைத் தாண்டுவது வளர்ந்த மானுக்குப் பெரிய காரியமன்று. அவ்வளவு உயரம் தோட்டத்தைச் சிறைபோல் ஆக்கிவிடும் என்பதால், காய்கறிப் பாத்திகளைச் சுற்றி நாலடி உயர வேலிகள் இரண்டை, இடையில் நாலைந்து அடி விட்டு, இணையாக அமைக்கத் தீர்மானித்தேன். மானால் உயரத்தையும் தாண்ட முடியும், அகலத்தையும் தாண்ட முடியும். இரண்டையும் ஒரே பாய்ச்சலில் கடப்பது அதற்குக் கடினம். தவிர, கால் ஊன்ற இடம் தெளிவாகத் தெரியாத பக்கம் அது குதிக்கத் தயங்கும்.

உயரத்தைப் பற்றியே பேசுகிறவர்கள் வேலியின் அடிப்பகுதியை மறந்துவிடுகிறார்கள். தாண்டுவதற்கு முன்பு மான் நுழையத்தான் பார்க்கும். கம்பி வலைக்கும் தரைக்கும் இடையே சிறிது இடைவெளி கிடைத்தால் மண்டியிட்டுத் தவழ்ந்து வந்துவிடும். ஆகவே வலையின் கீழ் ஓரத்தை வெளிப்புறமாகத் தரையோடு மடித்து, நெருக்கமாக முளைகள் அடித்து இறுக்கினோம். மெல்லிய கம்பி இருட்டில் அதன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆங்காங்கே வெள்ளைத் துணிப் பட்டைகளையும் கட்டினோம். மானை வெளியே நிறுத்துவதே நோக்கம். ஓடிவரும் விலங்கு வலையில் மோதிக் காயப்படுவதோ, கொம்பு சிக்கித் தவிப்பதோ அன்று.

பிப்ரவரி 11

வேலிக்கு வெளியே நிற்கும் இளமரம் ஒன்றின் பட்டை உரிந்திருக்கிறது. இது மேய்ச்சலால் வந்ததன்று; ஆண் மான் கொம்பை உரசிய தடம். வளரும் கொம்பை மூடியிருக்கும் மென்தோல், கொம்பு முற்றியதும் காய்ந்து உரியும். அப்போது அது மரத்தில் தேய்க்கும். தண்டைச் சுற்றி முழு வளையமாகப் பட்டை போய்விட்டால், இலைகள் ஆக்கும் உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரமே பட்டுவிடும். நல்லவேளையாக ஒரு பக்கம் தப்பியிருந்தது. தண்டைத் தொடாதபடி கம்பிக் கூண்டு வைத்தேன்.

பிப்ரவரி 19

உள்வேலியை மூடும் வேலை நின்றுபோயிற்று. இரு வேலிகளுக்கும் நடுவே, புல்லுக்குள் ஒரு குட்டி அசையாமல் படுத்திருந்தது. குட்டியை மறைவில் விட்டுத் தாய் மேயப் போவது வழக்கம் என்பதால், அதைத் தொடாமல் வெளிவேலியின் படலைத் திறந்து வைத்துவிட்டு அனைவரும் விலகினோம்.

பிப்ரவரி 20

குட்டி போய்விட்டது. மதியத்துக்குள் வேலியை மூடினோம்.

மார்ச் 4

வேலி ஓரமாகப் புதிய தடங்கள் நெடுகச் செல்கின்றன. மான்கள் நின்று ஆராய்ந்தது, வடிகால் வேலியைக் கடக்கும் பள்ளத்தில் மட்டும். அங்கே வலை தரையைத் தொடவில்லை. தண்ணீர் போகவும் மான் புகாதிருக்கவும் அந்த இடத்தில் கம்பிகளை நெருக்கமாக நட்டுவிட்டு, பந்தலுக்குப் புதிய அவரை விதைகளை ஊன்றினேன்.