நாயும் ட்ரெய்லரும் தெற்கு டகோட்டா காற்றும்

முப்பது டாலர் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போனால் நாய்க்குக் கிடைப்பது வண்டி நிறுத்துமிடம், கேம்ப்கிரவுண்ட், சாலை ஓரம். அவ்வளவுதான். நடைபாதை ஒன்றில்கூடக் கால் வைக்கக் கூடாது. ஆறடிக் கயிற்றில் பிடித்திருந்தாலும் கூடாது. மவுண்ட் ரஷ்மோரில் பார்க்கிங்குக்குப் பத்து டாலர் வாங்கிக்கொண்டு, நாயை அந்தப் பார்க்கிங் பக்கத்தைத் தாண்ட விடுவதில்லை. காட்டு விலங்குகளைக் காப்பாற்ற வைத்த விதி, அதில் எனக்குச் சண்டை இல்லை. 'நாயோடு போக அருமையான பூங்காக்கள்' என்று இவற்றுக்குப் பட்டியல் போடுகிறவர்கள்மீதுதான் கோபம்.

படுத்துத் தங்கும் ட்ரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு நாயோடு இந்தப் பக்கம் போகிறவர்கள் 'நேஷனல் பார்க்' பலகையை விட்டுவிட்டு 'நேஷனல் கிராஸ்லேண்ட்', அதாவது தேசியப் புல்வெளி, பலகையைத் தேடுங்கள். பேட்லேண்ட்ஸை ஒட்டியே கிடக்கிறது பஃபலோ கேப் நேஷனல் கிராஸ்லேண்ட், சுமார் ஆறு லட்சம் ஏக்கர். வனத்துறை நிலம். நாய் நடக்கலாம், இரவு தங்கலாம், 14 நாள்வரை காசும் கிடையாது.

சூ ஃபால்ஸிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலை பிடித்து மேற்கே பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி, அங்கிருந்து நெப்ராஸ்காவின் மேற்கு ஓரமாக இறங்கி ஐ-80. இதுதான் வழி. ஊர் ஊராக வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் அந்த இலவச இடத்தை முதலில் சொல்லாவிட்டால் கை ஓடாது.

வால் (Wall) என்ற ஊரிலிருந்து 240-ஆம் எண் சாலையில் தெற்கே வாருங்கள். பூங்காவின் பின்னக்கிள்ஸ் நுழைவாயிலுக்குச் சற்று முன்னால் கம்பிக் கோபுரம் நிற்கும். அதை ஒட்டி ஒரு மண்பாதை பிரியும். ஒரு மேட்டின் விளிம்பு நெடுக ட்ரெய்லர்கள் நின்றுகொண்டிருக்கும். இந்த இடத்தையும் 'வால்' என்றே கூப்பிடுகிறார்கள். கீழே பேட்லேண்ட்ஸ் முழுக்கத் தெரியும். உள்ளே காசு கட்டித் தங்கினாலும் இந்தக் காட்சி கிடைக்காது. தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, நிழல் என்ற பேச்சே இல்லை. டாங்கியை நிரப்பிக்கொண்டு வரவேண்டும். விளிம்பு செங்குத்தாக இறங்குகிறது, மண் பொலபொலவென்று உதிரும். முயலைக் கண்டால் பாய்கிற நாயைக் கயிறில்லாமல் இறக்கவே கூடாது. கட்ட மரம் கிடையாது, மண் காய்ந்து இறுகிக் கிடக்கும், திருகி இறக்கும் முளைக்குச்சி பாதிதான் இறங்கும். வண்டியின் ஹிட்ச்சில், அதாவது ட்ரெய்லரை மாட்டும் இணைப்பில், கயிற்றைக் கட்டுவதே மேல். முடிச்சுப் போட்ட பிறகு விளிம்புவரை கயிறு எட்டுகிறதா என்று அளந்து பாருங்கள்.

மழை பெய்தால் ட்ரெய்லரை நகர்த்தாதீர்கள். அந்த மண்ணில் பெண்டோனைட் களிமண் இருக்கிறது; உள்ளூரில் கம்போ என்பார்கள். நனைந்த அரைமணியில் டயரின் வெட்டுகளை அப்பிக்கொள்ளும், நான்கு சக்கர இழுவையும் வழுக்கும். வெயில் அடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், பொறுத்திருங்கள். நாயின் விரலிடுக்கில் ஒட்டிய கம்போவை ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் முடியைக் கத்தரித்துத்தான் எடுக்கமுடியும்.

பூங்காவுக்குள் இலவசமாக இருக்கிற சேஜ் க்ரீக் கேம்ப்கிரவுண்டைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். 18 அடிக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு அங்கே அனுமதி இல்லை. பைசன் என்ற காட்டெருமைகள் கூடாரங்களுக்கு நடுவே மேயும். நாய் குரைத்து பைசன் திரும்பினால் ஓடித் தப்ப வழியில்லை. அது மணிக்கு 35 மைல் ஓடும்.

இனி காற்று. சமவெளியில் பயணத் திட்டத்தை ஊரை வைத்துப் போடாதீர்கள், காற்றை வைத்துப் போடுங்கள். மரமோ மலையோ தடுக்காமல் வருகிற பக்கக் காற்று, எட்டு அடி அகலப் பெட்டியைத் தள்ளுகிறது. முன்னறிவிப்பில் வீச்சு மணிக்கு 40 மைல் என்று போட்டிருந்தால் அன்று வண்டியை எடுக்கவேண்டாம். காலை ஆறிலிருந்து பதினொன்றுவரை ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவது நல்ல கணக்கு. பிற்பகலில்தான் காற்றும் இடியும் வலுக்கும்.

ட்ரெய்லர் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் எடை போடப்பட்ட விதம். நாக்கு எடை, அதாவது ஹிட்ச் பந்தின்மேல் இறங்குகிற எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். 5,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 500 முதல் 750. அதற்குக் கீழே போனால் பின்பக்கம் வாலாட்டும். 40 காலன் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 330 பவுண்டு. டாங்கி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதை நிரப்பியதும் நாக்கு எடை குறைந்துவிடும். கம்பெனி பிரசுரத்தில் இருக்கிற காலி எடையை நம்பாதீர்கள். லாரிகள் நிற்கிற பெரிய பெட்ரோல் நிலையங்களில் எடைமேடை இருக்கும், சுமார் 15 டாலர். சாமான், தண்ணீர், நாய், ஆட்கள் எல்லாம் ஏற்றிய பிறகு எடை போடுங்கள். இழுக்கிற வண்டியின் ஓட்டுநர் கதவில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பில் நாக்கு எடையும் நாயும் நாய்க் கூண்டும் சேர்த்தி. பலருக்கு வரம்பு தாண்டுவது இங்கேதான்.

எடையைப் பகிரும் ஹிட்ச்சும் ஆட்டம் தடுக்கும் அமைப்பும் இல்லாமல் ஐ-90 வேண்டாம். அப்படியும் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். ட்ரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். பெரிய லாரி முந்தும்போது முதலில் வெளிப்பக்கம் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் அந்த இரண்டாவது இழுப்பில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

சாலையில் வேக வரம்பு 80 மைல். பல ட்ரெய்லர் டயர்களின் வரம்பு 65. வலது ஓரத்தில் 60, 62-இல் போங்கள். ஹார்ன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டு போகட்டும். டயரில் டாட் என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வயது ஆகியிருந்தால் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 மைலில் நட்டுகளை மறுபடி முறுக்குமானி வைத்துப் பாருங்கள். காற்று அடைப்பது காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது.

நாய் ட்ரெய்லருக்குள் பயணம் செய்யக் கூடாது. ஏசி ஓடாது, அலமாரி திறந்து சாமான் விழும், டயர் வெடித்தால் தரையைக் கிழித்துக்கொண்டு வரும். முன் வண்டியில் கூண்டிலோ சீட் பெல்ட்டில் மாட்டிய பட்டையிலோதான்.

பெட்ரோல் கணக்கு வயிற்றைக் கலக்கும். சூ ஃபால்ஸிலிருந்து ராபிட் சிட்டி சுமார் 350 மைல். காலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் 35 காலன். எதிர்க்காற்று அடித்தால் ஏழு மைலுக்கு இறங்கும், 50 காலன். காலன் மூன்று டாலர் என்று வைத்தாலும் 105 டாலர் 150 ஆகிவிடுகிறது. காற்றுக்காக ஒரு நாள் காத்திருப்பது சோம்பேறித்தனம் அல்ல, சேமிப்பு. பங்கில் விலையை மட்டும் பார்த்துக் குழாயை எடுக்காதீர்கள். இது மக்காச்சோள நாடு, எத்தனால் கலந்ததுதான் மலிவு. எத்தனால் மிக அதிகமாகக் கலந்த இ-85 எல்லா வண்டிக்கும் ஆகாது. மேற்கே போகப்போக 'ரெகுலர்' என்ற பெயரில் 85 ஆக்டேன் விற்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளின் கையேடு கேட்பது 87. சுமை இழுக்கும்போது இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தங்கும் செலவை ஈடுகட்ட ஒரு வழி இருக்கிறது. இந்தச் சின்ன ஊர்களில் நகராட்சிப் பூங்காவிலேயே ட்ரெய்லருக்கு இடம் விட்டிருப்பார்கள், மின்கம்பத்தோடு. பத்து முதல் இருபது டாலர், அதை உறையில் போட்டு இரும்புப் பெட்டிக்குள் தள்ளவேண்டும். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரநிழலும் புல்லும் இங்கேதான் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பார்க் ஒன்றில் நாய்க்கு இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கிக்கொண்டு, 'நாய்ப் பூங்கா' என்று காட்டியது கம்பிவேலி போட்ட ஜல்லித்தரை. வெயிலில் அந்த ஜல்லி நாயின் பாதத்தைச் சுட்டது. சில பார்க்குகளில் இனத் தடையும் உண்டு. பிட்புல், ராட்வைலர் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். நகராட்சிப் பூங்காக்களில் ஒரே தொல்லை ரயில். கிராஃபோர்ட், அலையன்ஸ் போன்ற ஊர்களில் நிலக்கரி ரயில் இரவு முழுக்க ஓடும், ஒவ்வொரு கேட்டிலும் ஊதும். சத்தத்துக்கு மிரளும் நாய் என்றால் தண்டவாளத்திலிருந்து தள்ளி இடம் பாருங்கள்.

ஏசியை நம்பி நாயை ட்ரெய்லருக்குள் பூட்டிவிட்டு ஊர் பார்க்கப் போகிற பழக்கம் ஆபத்தானது. பிற்பகலில் எல்லோரும் ஏசி போட, கேம்ப்கிரவுண்டின் வோல்டேஜ் விழும். 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் உங்கள் பாதுகாப்புக் கருவியே மின்சாரத்தை வெட்டிவிடும். வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 109. ட்ரெய்லர் இன்னும் மெதுவாகச் சூடேறும், ஆனால் சூடேறும். செல்போன் வழியாக வெப்பநிலை சொல்லும் கருவி உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக்.

அடுத்தது முள். இங்கே கோட்ஹெட் என்று எல்லோரும் திட்டுவது நம்மூர் நெருஞ்சியேதான், அதே செடி. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 'நாய் நடக்குமிடம்' என்று பலகை வைத்த மூலையில்தான் அடர்ந்து கிடக்கும். நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கி நின்றால் இழுக்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். முள் நேராக வெளியே வரும்படி இடுக்கியால் எடுக்கவேண்டும். அதைவிட மோசம் ஃபாக்ஸ்டெயில் புல். அதன் கதிர் ஒரு திசையில்தான் நகரும், உள்ளே. காதிலோ மூக்கிலோ விரலிடுக்கிலோ புகுந்தால் தானாக வராது. நடந்து வந்ததும் காது, அக்குள், விரலிடுக்கு மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். விடாமல் தும்மினால், தலையை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டினால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். சின்ன ஊர் கால்நடை மருத்துவர்களுக்கு மாடும் குதிரையும்தான் முதல் வேலை, வார இறுதியில் பூட்டியிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெரிய ஊருக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

ப்ரெய்ரி நாய் என்பது பெயரில்தான் நாய், வளை தோண்டி வாழும் அணில் இனம்; அதன் வளைகளுக்குப் பக்கத்தில் உங்கள் நாயை விடவே விடாதீர்கள். பேட்லேண்ட்ஸுக்குத் தெற்கே கொனாட்டா பேசினில் 2008-இல் அவற்றுக்குள் பிளேக் பரவியது. தெள்ளுப்பூச்சிதான் அதைக் கடத்துகிறது. நாய் தாங்கிக்கொண்டாலும் பூச்சியை உங்கள் படுக்கைக்குக் கொண்டுவரும். அந்த வளைகளில் ராட்டில் பாம்பும் ஒண்டியிருக்கும்.

ஐ-90-இல் விவியன் என்று ஒரு சின்ன ஊர் வரும். 2010 ஜூலையில் எட்டு அங்குல விட்டமுள்ள ஆலங்கட்டி அங்கே விழுந்தது. அமெரிக்காவில் அளக்கப்பட்டதிலேயே பெரியது. ட்ரெய்லர் கூரை இதற்கெல்லாம் நிற்காது. வானிலை வானொலி ஒன்று வாங்குங்கள். எச்சரிக்கை கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, அதன் பெயரில்தான் வரும், ஆகவே எந்தக் கவுண்டியில் நிற்கிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கேம்ப்கிரவுண்டில் புயலுக்கு ஒதுங்கும் கட்டடம் எது, நாயை விடுவார்களா என்று போனதுமே கேளுங்கள். ட்ரெய்லரை முகமோ முதுகோ காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். காற்று வலுத்தால் இழுக்கும் வண்டியைக் கழற்றவேண்டாம், வெளிக்கூரையைச் சுருட்டிவிடுங்கள்.

பிளாக் ஹில்ஸில் இருக்கும் கஸ்டர் ஸ்டேட் பார்க்கில் பெரும்பாலான நடைபாதைகளில் கயிற்றோடு நாய் வரலாம். நீடில்ஸ் சாலையின் ஒரு சுரங்கம் எட்டு அடிதான் அகலம், ட்ரெய்லரை முகாமிலேயே விடுங்கள். நெப்ராஸ்காவில் கிராஃபோர்டுக்கு வடக்கே டோட்ஸ்டூல் பாறைப்பகுதி குட்டி பேட்லேண்ட்ஸ், அதுவும் நேஷனல் கிராஸ்லேண்ட் நிலம், நாயோடு நடக்கலாம். போகும் பாதை ஜல்லி; ட்ரெய்லரில் முட்டை வைக்காதீர்கள். ஸ்காட்ஸ் பிளஃப் குன்றின் மேலே ஏறும் சாலையில் ட்ரெய்லருக்கு அனுமதி இல்லை, ஆனால் நடைபாதையில் நாய்க்கு உண்டு.

சாப்பாடு என்றால் நெப்ராஸ்காவில் ரன்ஸா: சூடான பன்னுக்குள் மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயம். காற்றில் ஓட்டிக் களைத்த மத்தியானத்துக்கு அமிர்தம். வெங்காயம் இருப்பதால் நாய்க்கு ஒரு விள்ளல்கூடக் கூடாது, அது எப்படிக் கெஞ்சிப் பார்த்தாலும் சரி.

ஐ-80 பக்கம் இறங்கியதும் ஒகலாலாவில் மெக்கனாகி ஏரி, வெள்ளை மணல், நாய்க்குக் கொண்டாட்டம். நெப்ராஸ்கா ஏரிகளில் கோடையில் நீலப்பச்சைப் பாசி வரும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்தில் செத்துப்போகலாம். நாயைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் மாநில எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். தண்ணீர் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல் இருந்தால் இறங்கவே வேண்டாம். இறங்கிவிட்டால் நக்குவதற்குள் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.