பிரான்சைஸ் கடை கைமாறும்போது யார் எதற்குக் காசு கட்டுவது?

மட்டக்களப்பில் கொழும்புக் கம்பனி ஒன்றின் பிரான்சைஸாக, அதாவது அதன் பெயரையும் முறையையும் பயன்படுத்தும் உரிமையோடு, ஓடிக்கொண்டிருந்த சிற்றுண்டிக் கடையை ஜனவரியில் என் பெயருக்கு மாற்றி எடுத்தேன். விற்ற அண்ணன் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார். விலை பேசும்போது, "தம்பி, கம்பனிக்கு மாற்றுக் கட்டணம் மட்டும் கட்டினாச் சரி" என்றார். அவர் மறைக்கவில்லை. கடையைத் தொடங்கி நடத்தியவருக்குக் கைமாற்றும் கணக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் இருப்பதுதான் எல்லாம். அதனால் முற்பணம் கொடுக்க முதலே அதன் பிரதியை வாங்கி, தெரிந்த சட்டத்தரணி அக்கா ஒருவரிடம் காட்டினேன். கைமாற்றம் பற்றிய பந்தியைப் பென்சிலால் கோடிட்டு வரிவரியாக விளக்கினார். கம்பனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அதே விலைக்கு வாங்கும் முதல் உரிமை கம்பனிக்கு. பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கம்பனிக்குக் கட்டும் ரோயல்டியில் ஒரு சதமும் நிலுவை இருக்கக்கூடாது. மாற்றுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ஆவணச் செலவு மூன்றும் தனித்தனி. இவற்றை விற்பவர் கட்டுவதா வாங்குபவர் கட்டுவதா என்று ஓரிடத்திலும் இல்லை.

அதைவிட முக்கியமானதை அக்கா கடைசிப் பக்கத்தில் காட்டினார். 10 வருட ஒப்பந்தத்தில் 6 வருடம் முடிந்துவிட்டது. மாற்றுக் கட்டணம் கட்டினால் எனக்கு வருவது மிச்சம் 4 வருடம்தான். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேறு கட்டணம். நான் விலையைக் குறைத்துக் கேட்டது இதை வைத்துத்தான், அண்ணனும் நியாயம் என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு எல்லாக் கட்டணத்தையும் பட்டியலாக அனுப்பும்படி கம்பனிக்கு மின்னஞ்சல் போட்டேன். தொலைபேசியில் கேட்டபோது சொல்லாதவை அதில் வந்தன. மாற்றுக் கட்டணம் 3 இலட்சம், வரி நீங்கலாக. 18 சதவீத வற் வரி சேர்ந்தால் இன்னும் 54,000. பயிற்சிக் கட்டணத்துக்கும் அதே வரி. பெயர்ப்பலகையும் முன்மேசையும் புதிய வடிவத்துக்கு மாற வேண்டும், செலவு கடைக்காரருடையது. அண்ணன் கட்டியிருந்த வைப்புப் பணம் அவருக்குத் திரும்பும், நான் புதிதாக வைக்க வேண்டும்.

பட்டியலை நடுவில் வைத்துப் பேசினோம். மாற்றுக் கட்டணம் அவர், பயிற்சி நான், பலகை ஆளுக்குப் பாதி. கடையில் வேலை செய்யும் பிள்ளைகளின் ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிப் பற்றுச்சீட்டுகளையும் கேட்டுப் பார்த்தேன். நிலுவை இருந்தால் அந்தச் சம்பளத்தை நம்பி நிற்கிற பிள்ளைகளுக்கல்லவா நட்டம்.

அரசாங்கப் பக்கம் காசு குறைவு, அலைச்சல்தான் கூட. கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை என் பெயரில் பதிந்தேன். மாநகர சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். நவம்பரில் மாற்றியிருந்தால் மிச்சமிருந்த இரண்டு மாதத்துக்காக ஒரு தடவை, புது வருடத்துக்காக இன்னொரு தடவை என்று கட்ட வந்திருக்கும். ஜனவரிக்குத் தள்ளியது அதற்காகத்தான்.

விலையில் கால் பங்கைக் கடைசிவரை கொடுக்கவில்லை. கைமாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகக் கம்பனியின் கடிதம் வந்தபின் கொடுப்பது என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். கடிதம் வந்த அன்றே வங்கியில் அண்ணனின் கணக்குக்குப் போட்டுவிட்டேன்.