சுண்ணாம்புல நீலம் கலந்த பெனாங்கு மாளிகை

மலேசியாவுல இருக்கற பெனாங்கு தீவுக்குப் போற நம்ம ஊர் ஆளுங்க முக்கால்வாசிப் பேரு லீத் தெருவுல இருக்கற அந்த நீல மாளிகை வாசல்ல நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு லிட்டில் இந்தியா பக்கம் இட்லி சாப்பிடக் கெளம்பிடறாங்க. தயவுசெஞ்சு டிக்கெட் எடுத்து உள்ள போய்ப் பாருங்க, விஷயமே உள்ளதான் இருக்கு.

கட்டுனவரு சோங் ஃபாட் சே. 1840ல சீனாவுல ஏழை வீட்டுல பொறந்து, சின்ன வயசுலயே பட்டேவியாவுக்கு, அதாவது இப்பத்த ஜகார்த்தாவுக்குப் பொழைக்கப் போயி, தோட்டம் கப்பல்னு வளந்து, 1892ல சீனாவுல ஒயின் கம்பெனி வேற ஆரம்பிச்சாரு. 19ஆம் நூற்றாண்டு கடைசியில பெனாங்கோட ஜார்ஜ் டவுன்ல கட்டுன வீடு இது. 38 ரூம், 5 முற்றம், 7 மாடிப்படி, 220 ஜன்னல்!

தரைக்கு டைல்ஸ் இங்கிலாந்துல இருந்து, இரும்புத் தூணு ஸ்காட்லாந்துல இருந்து, ஆனா கூரை முகட்டுல பாத்தீங்கன்னா கலர் கலர் பீங்கான் கிண்ணத்தை ஒடச்சு, துண்டு துண்டா வெட்டிப் பதிச்சுப் பூவும் பறவையும் செஞ்சிருக்காங்க, அது சுத்தமா சீனக் கைவேலை. துறைமுக ஊரு யாவாரி வீடுன்னா இப்படித்தான், எந்தக் கப்பல்ல எது வந்துச்சோ அது செவுத்துல ஏறிருக்கும்.

நடு முற்றத்துல நின்னப்ப நம்ம தொட்டிக்கட்டு வீடுதான் ஞாபகம் வந்துச்சு. மழை நேரா வீட்டுக்குள்ள விழுகும், வெளிச்சமும் காத்தும் அதே வழியா வரும். சீனக்காரங்களோட ஃபெங் ஷூயி, அதாவது அவங்க வாஸ்து கணக்குல தண்ணின்னா பணம், அதனால மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரணுமாம்.

அப்புறம் அந்த நீலம். அது பெயிண்ட் இல்லைங்க, சுண்ணாம்புல இந்தியாவுல இருந்து போன அவுரி நீலத்தைக் கலந்து அடிச்சது. வெள்ளை அவங்களுக்குத் துக்க நிறம், அதனால சுண்ணாம்பை வெறும் வெள்ளையா விடல. ஆனா எனக்குப் புடிச்சது சுண்ணாம்பு விஷயம்தான். கடலோரக் காத்துல எந்நேரமும் ஈரம், சுண்ணாம்புச் செவுரு அந்த ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விட்டுரும், அதே செவுத்துல சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிச்சா ஈரம் போக வழியில்லாம உள்ளயே நின்னு உப்புப் பூத்து உதிரும். சேலம் செவ்வாய்பேட்டையில பழைய யாவாரிங்க வீட்டுல எல்லாம் இப்ப அதான் நடக்குது, எமல்ஷனை அடிச்சுட்டு ஓதம் ஓதம்னு பொலம்பறாங்க. சங்ககிரியில சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுக்கற மாவட்டத்துல இருந்துக்கிட்டு!

சோங் ஃபாட் சே 1916ல எறந்ததுக்கப்புறம் வீடு மெல்ல மெல்லப் பாழாகி, பல குடும்பம் குடியிருந்து, 1990 வாக்குல பழைய கட்டடம் மேல ஆசை இருக்கற சிலபேரு சேந்து வாங்கிப் பழைய முறையிலயே சரி பண்ணாங்க. 2000ல யுனெஸ்கோ விருதும் கெடச்சுது, இப்ப ஹோட்டல்.

எங்க அம்மாயி வீட்டுக்கு இந்தப் பொங்கலுக்கு சுண்ணாம்புதான் அடிக்கணும், கொஞ்சமா நீலம் போட்டுக்கலாம்னு மாமாகிட்ட சொல்லிருக்கேன். அவரு ஏற்கனவே பெயிண்ட் கடையில ஷேட் கார்டு வாங்கி வெச்சிருக்காரு, பாப்போம்.