காலைச் செய்தி வாசிப்புத் தேர்வு: எல்லைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் தேர்வுப் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது, அப்பாடா. ஆனால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்தவர்களில் என்னைவிட நல்ல குரல் உள்ள சிலர் அதில் இல்லை. 'மலையாள வாடை அடிக்கிறது' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். எந்த எழுத்தில் அடிக்கிறது, எப்படிப் போக்குவது என்று யாரும் சொல்வதில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். எழுத்துத் தேர்வு, குரல், கேமரா, நேர்காணல் என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைத் தொடப்போவதில்லை.

முதலில் வால், அதாவது வாக்கியத்தின் கடைசிச் சொல். இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'கைதான மூவரும் நேற்று நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்படவில்லை' என்பதில் ஆஜர்படுத்தினார்களா இல்லையா என்பது கடைசிச் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. மூச்சு தீர்ந்துபோவதும் அதே இடத்தில்தான். குரல் தாழ்ந்து 'வில்லை' விழுங்கப்பட்டால் செய்தியே தலைகீழாகிவிடும். தேர்வில் கழிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் உச்சரிப்பில் விழவில்லை, இங்கேதான் விழுகிறார்கள் என்பது என் கணிப்பு.

வாசிக்க வேண்டிய செய்திக் காகிதம் கையில் வந்ததும் சில நிமிடம் தருவார்கள். அப்போது மேலிருந்து கீழாக ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்காதீர்கள். நேரம் போய்விடும். ஒவ்வொரு முற்றுப்புள்ளியாகத் தேடி, அதற்கு முன்னால் இருக்கும் வினைமுற்றை வட்டமிடுங்கள். பிறகு கடைசி மூன்று நான்கு சொற்களுக்கு முன்னால் இரட்டைக் கோடு போடுங்கள். மூச்சு அங்கே. ஒற்றைக் கோடு வெறும் நிறுத்தம், மூச்சு எடுக்கக் கூடாது. இப்படி:

'முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் / 136 அடியை எட்டியதையடுத்து / இடுக்கி மாவட்டக் கரையோர மக்களுக்கு // முதற்கட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது.'

பலரும் 'எட்டியதையடுத்து' என்ற இடத்தில் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, 'விடுக்கப்பட்டுள்ளது' வரும்போது காற்றில்லாமல் நிற்கிறார்கள். இருபது சொல்லைத் தாண்டும் வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாமா என்று தேர்வாளரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு மதிப்பெண் குறையாது.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. போனில் பதிவு செய்து, ஒலியைக் குறைத்து, அடுத்த அறையில் ஓடவிடுங்கள். வீட்டில் யாரையாவது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போன சொற்கள்தான் உங்கள் குறை. நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது சொல் போதும். வேகம் கூடினால் முதலில் தேய்வது இந்த வால்தான்.

இனி எழுத்து. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மூணாறு, தேவிகுளம் பக்கம் மலையாளம் வழியாகப் படித்தவர்களுக்கு மூன்றே இடம்.

ஒன்று, சொல்லின் முதலில் வரும் ச. மலையாளத்தில் அது வல்லோசை, 'பச்சை'யில் வருவதுபோல. தமிழ்ச் செய்தியில் 'இன்றைய செய்தி' என்றால் ச மெல்லிசாக, ஸகரம்போல வர வேண்டும். 'காலைச் செய்தி' என்று ஒற்று வந்தால் மட்டும் வல்லோசை. 'செய்திகள் வாசிப்பது' என்ற முதல் சொல்லிலேயே ஊர் தெரிந்துபோகும், ஜாக்கிரதை. 'சென்னை' மட்டும் விதிவிலக்கு, அதை எல்லோரும் வல்லோசையாகத்தான் சொல்கிறார்கள்.

இரண்டு, ற்ற. 'காற்று', 'வெற்றி' ஆகியவற்றை மலையாள வழக்கில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அப்படியே விட்டுவிடுவோம். செய்தித் தமிழில் விடும்போது ஒரு ரகர அதிர்வு வேண்டும்.

மூன்று, ன்ற. 'மன்றம்', 'ஒன்று' ஆகியவற்றிலும் இதே கோளாறு, இதே மருந்து.

ழகரத்தில் நம்மவர்களுக்குக் கவலை இல்லை. சென்னைப் பிள்ளைகள்தான் அங்கே தடுக்கி விழுவார்கள்.

நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்தார் கதை வேறு. தெலுங்கில் ழ இல்லை, அதனால் 'மழை' 'மளை' ஆகிவிடும். இன்னொன்று, சொல்லின் கடைசி உகரம். 'கொண்டு', 'வந்து' என்பவற்றில் அது குற்றியலுகரம், அரை மாத்திரைதான். உதட்டைக் குவித்து முழுதாகச் சொன்னால் காதில் உறுத்தும்.

எண்கள். சரளமாகப் படிக்கிறவர்களும் இங்கே திணறுவார்கள்:

- ரூ.45 கோடி: நாற்பத்தைந்து கோடி ரூபாய். ரூபாய் பின்னால் போகும்.
- 1,500: ஆயிரத்து ஐந்நூறு. 'ஆயிரத்தி' வேண்டாம்.
- 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். அவசரத்தில் இரண்டும் மாறும்.
- 2.5 லட்சம்: இரண்டரை லட்சம்.
- 118.45 அடி: நூற்றுப் பதினெட்டு புள்ளி நான்கு ஐந்து அடி. 'புள்ளி நாற்பத்தைந்து' தப்பு.
- காலை 6.05: ஆறு மணி ஐந்து நிமிடம். இங்கே புள்ளியே வராது.

காலைச் செய்தியில் அணை நீர்மட்டம் அடிக்கடி வரும். முழுக் கொள்ளளவு உயரம் மனப்பாடமாக இருக்கட்டும்: மேட்டூர் 120 அடி, ஆழியாறு 120, சோலையாறு 160, பரம்பிக்குளம் 72. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்க 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. எதற்கு இது? பிராம்ப்டரில் (கேமராவுக்கு முன்னால் செய்தி ஓடும் திரை) 'பரம்பிக்குளம் 171 அடி' என்று தட்டச்சுப் பிழை வந்தால் வாய் தானாக நிற்க வேண்டும். தேர்வில் இப்படி வேண்டுமென்றே பிழை வைப்பதும் உண்டு.

ஊர்ப்பெயரிலும் அப்படித்தான். தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சித்தூர் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், ஒன்று ஆந்திரத்தில். வெறும் 'சித்தூர்' என்று காகிதத்தில் இருந்தால் மாவட்டத்தையோ மாநிலத்தையோ சேர்த்து வாசியுங்கள். சத்தியவேடு 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. பழைய பழக்கத்தில் 'சித்தூர் மாவட்டம் சத்தியவேடு' என்று இன்னும் எழுதித் தருகிறார்கள்.

மொழிபெயர்ப்பில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். செய்தி ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலக் காப்பியில் யார் சொன்னார் என்பது கடைசியில் வரும். அதை அப்படியே மாற்றி, நீளமான தகவலுக்குப் பிறகு 'என்று அமைச்சர் தெரிவித்தார்' என முடித்தால் கேட்கிறவருக்குக் கடைசிவரை யார் பேச்சு என்றே தெரியாது. அமைச்சர் பெயரை முதலில் வையுங்கள்.

கேமரா தேர்வு. பின்னணிப் படத்தைச் சேர்ப்பதற்கான குரோமா திரை பச்சை என்பதால் பச்சையும் கிளிப்பச்சையும் கூடாது. உடம்பு மறைந்து தலை மட்டும் மிதக்கும். நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் போட்ட சட்டை திரையில் நெளியும். மொடமொட பட்டுச் சேலை லேப்பல் மைக்கில் உரசும், மைக்கைக் குத்தும் இடத்தில் மடிப்பை ஒட்டி நிறுத்துங்கள். வளையல் வேண்டாம். நிறத்தைப் பார்த்து எடுக்கிறார்களா என்று கேட்பீர்கள். சில இடங்களில் ஆமாம். அதற்கு நம்மிடம் மருந்தில்லை, வெளிச்சத்துக்கேற்ற மேக்கப்பை அவர்கள் ஆளே போடட்டும், வீட்டிலிருந்து பூசிக்கொண்டு போகாதீர்கள்.

பிராம்ப்டர் எழுத்து உங்கள் பின்னால் வர வேண்டும், நீங்கள் அதைத் துரத்தக் கூடாது. நீங்கள் வேகத்தை மாற்றாமல் படித்தால் ஆபரேட்டர் உங்களுக்கேற்ப ஓட்டுவார். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய காப்பியில் ஒகரக் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், 'ஸ்ரீ' உடையும், ஒரு சொல் பாதியில் அடுத்த வரிக்குப் போகும். எழுத்தைக் கூட்டிப் படிக்காமல், சொல்லைப் பார்த்ததும் அடையாளம் காணப் பழக வேண்டும். கையில் உள்ள தாளைச் செய்திக்குச் செய்தி திருப்பிக்கொண்டே வாருங்கள். நடுவில் பிராம்ப்டரை நிறுத்துவார்கள், அதுவும் தேர்வுதான். தாள் பழைய பக்கத்திலேயே கிடந்தால் அவ்வளவுதான்.

இயர்பீஸில் பிசிஆர் (நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறை) குரல் வரும்: 'அடுத்ததை விடு, போனோ ரெடி, பத்து, ஒன்பது...' போனோ என்றால் தொலைபேசி வழிப் பேச்சு. வாசிப்பு நிற்கக் கூடாது. ஒரு காதில் கிரிக்கெட் வர்ணனை ஓடவிட்டு நாளிதழைச் சத்தமாகப் படித்துப் பழகுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு காது தானாகப் பிரித்துக்கொள்ளும். தடுமாறினால் 'மன்னிக்கவும்' ஒருமுறை, தவறிய சொற்றொடர் மட்டும் மறுபடி. முழு வாக்கியத்தையும் திரும்பப் படித்தால் தவறு இரண்டு மடங்காகத் தெரியும். பிரேக்கிங் கொடுத்துப் பேசச் சொன்னால் என்ன, எங்கே, எப்போது, யார் சொன்னது என்ற நான்கோடு நிறுத்துங்கள். பலி எண்ணிக்கையை ஊகிக்கவே கூடாது.

அன்றைய நாளிதழ்களைக் காட்டிப் பேசும் நாளிதழ் பார்வைப் பகுதிக்குத் தாளை விரித்துப் பிடித்தால் வெள்ளைக் காகிதம் விளக்கொளியை முகத்தில் அடிக்கும், மைக்கில் சரசரக்கும். நான்காக மடித்து, மார்புக்குக் கீழே.

கிடைத்தபின் வாழ்க்கை: 6 மணிச் செய்திக்கு 4 மணிக்குள் ஸ்டுடியோ. தூங்கி எழுந்ததும் குரல்நாண் சற்று வீங்கியிருக்கும், குரல் கட்டையாகத்தான் வரும். அது இளக நேரம் வேண்டும், அதனால் 3 மணிக்கு மேல் படுக்கை கிடையாது. இரவு 8 மணிக்குத் தூங்க முடியாதவர்கள் மாலைச் செய்திக்கு விண்ணப்பிப்பது நல்லது, இதில் வீராப்பு வேண்டாம். எழுந்ததும் வெந்நீர், ஐந்து நிமிடம் உதட்டைப் படபடவென்று அதிரவிட்டு ஹம்மிங். வாசிக்கும் முன் பால், தயிர் ஒதுக்குவது எனக்கு ஒத்துவந்தது, சிலருக்குத் தேவைப்படாது.

சில நிலையங்களில் இது பணிநாளுக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான், மாதத்தில் சில நாள்தான் அழைப்பார்கள். விடியற்காலை வண்டி அனுப்புவார்களா, நகர எல்லைக்குள் மட்டுமா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாமல் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ அறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.