வெள்ளிக்கிழமை மாத்திரை

சிசேரியனில் பிறந்த என் மகளுக்கு ஐந்து மாதம் முடிவதற்குள்ளேயே எனக்கு மாதவிடாய் திரும்பிவிட்டது. பால் கொடுக்கிறவரை மீண்டும் கரு தங்கிவிடும் என்ற பயமில்லை என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பாதிதான் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. மாதவிடாயும் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. ஒன்று விலகினாலும் வேறு வழி பார்த்தாக வேண்டும். அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்று பிரசவம் பார்த்த மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு செய்யும் ஆபரேஷன்தான். முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் நடுவே என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள்களில் பழக்கமான கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் கேட்டேன். அவர் என்னை ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி நல்லதுதான், ஆனால் எனக்கு ஏற்கெனவே உதிரப்போக்கு அதிகம், ரத்தமும் குறைவு. காப்பர்-டி போட்டால் போக்கு இன்னும் கூடக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியை நிறுத்திய பிறகு, மீண்டும் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். தினமும் சாப்பிடும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குக் குழந்தை பிறந்து ஆறு மாதம் முடியும்வரை அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. கடைசியில் எனக்குப் பொருந்தியது சாயா என்ற மாத்திரை. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டா, சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்ததா, சிறுநீரகக் கோளாறோ காசநோயோ இருக்கிறதா என்று கேட்டார். இவற்றில் ஏதாவது இருந்தால் சாயா கூடாதாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்ன பிறகே அட்டை என் கைக்கு வந்தது.

இந்த மாத்திரையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்தது இது. 1991-இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிறகு அரசுத் திட்டத்தில் சாயா என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. மருந்தின் பெயர் ஆர்மிலாக்சிஃபென், அளவு 30 மில்லிகிராம். இதில் ஹார்மோன் கிடையாது. கருமுட்டை உருவாவதை இது தடுப்பதில்லை; கருப்பையின் உள்படலம் கருவை ஏற்கும் நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் தாய்ப்பாலுக்கும் இடைஞ்சல் இல்லை. உடலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தங்கி மெதுவாகவே வெளியேறுவதால் தினமும் சாப்பிட வேண்டியதும் இல்லை.

ஆனால் அதன் கணக்கை மனத்தில் சரியாகப் பதித்துக்கொள்ள வேண்டும். மாதவிடாயின் முதல் நாளில் முதல் மாத்திரை. அந்தக் கிழமையும், அதிலிருந்து மூன்றாம் நாள் வரும் கிழமையும் நம் மாத்திரை நாள்கள். முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் இரண்டு. நான்காம் மாதத்திலிருந்து முதல் மாத்திரையைப் போட்ட கிழமையில் மட்டும் வாரம் ஒன்று. இடையில் மாதவிடாய் வந்தாலும் வராவிட்டாலும் கிழமை மாறாது. எனக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமையில் வந்ததால், வெள்ளியும் திங்களும் என்று ஆனது.

வெள்ளிக்கிழமையில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. வீட்டில் அன்று கவுச்சி கிடையாது. காலையில் சாம்பார் கொதிக்கும் மணமே கிழமையைச் சொல்லிவிடும். தொல்லை கொடுத்தது திங்கள்தான். பள்ளியில் ஆசிரியர் வேலை, பாடக்குறிப்பேடு, வீட்டுக்கு வந்ததும் அழும் குழந்தை என்று அந்த நாள் கையில் நிற்காமல் ஓடிவிடும். தினசரி மாத்திரையை விட வாரத்தில் இரண்டு நாள் மாத்திரை சுலபம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. தினமும் செய்வது பழக்கமாகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் என்றால் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்த ஏதாவது ஒன்று வேண்டும்.

என் அம்மா தொலைபேசியில் சொன்ன யோசனை, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துக்கொள், அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்பது. அம்மா சொன்னது என் மேலுள்ள அக்கறையால்தான். ஆனாலும் நான் அதைக் கேட்கவில்லை. மறைத்து வைக்கும் மாத்திரைதான் தவறிப்போகும். எடுக்க வேண்டிய நேரத்தில் அறையில் யாராவது இருப்பார்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளுவோம், அந்தப் பிறகு அடுத்த நாளாகிவிடும். மருத்துவர் சொன்ன இடைவெளிக்காகச் சாப்பிடுகிற மருந்தை, என் வீட்டிலேயே நான் ஏன் பயந்து பயந்து விழுங்க வேண்டும்?

என் கணவரிடம் பேசினேன். அன்று இரவே சாப்பாட்டின்போது அவர் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மகன் வாயால் வந்ததால் பேச்சு இறுக்கமில்லாமல் போயிற்று. "மாத்திரை சாப்பிட்டால் பிறகு கரு தங்காதே, அம்மா?" என்று அத்தை என்னிடம் கவலையோடு கேட்டார். நிறுத்திய சில மாதங்களில் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும் என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவருக்கு முழு நிம்மதி வரவில்லை. அடுத்த முறை என்னோடு சுகாதார நிலையத்துக்கு வந்து செவிலியர் அக்காவிடம் தானே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அதன் பிறகு அட்டை அத்தையின் ரத்த அழுத்த மாத்திரைகளுக்குப் பக்கத்தில், சமையலறை அலமாரியில் இடம் பிடித்தது. கூடத்தில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் அடுத்த மூன்று மாதத்து வெள்ளி, திங்கள் தாள்களைப் புரட்டி, ஒவ்வொன்றின் மூலையிலும் என் கணவர் பேனாவால் வட்டம் போட்டார். காலையில் தாளைக் கிழிப்பவர் மாமா. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வட்டம் போட்ட தாள் வந்த நாளில் அத்தையிடம் மட்டும் சொல்லிவிடுவார். இரவு சாப்பாடு முடிந்ததும் அத்தை தன் மாத்திரையை எடுக்கும்போது என் அட்டையையும் எடுத்து வைத்துவிடுவார். திங்கள்கிழமைத் தொல்லை அதோடு தீர்ந்தது.

முன்கூட்டியே எச்சரித்திருந்தும் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டாம் மாதத்தில் நாள் தள்ளிப்போனது. முதல் சில மாதங்களில் சாயா சாப்பிடும் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போவது இயல்பு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காதில் கேட்பது வேறு, ஒவ்வொரு காலையும் எதிர்பார்த்து ஏமாறுவது வேறு. பள்ளியில் கரும்பலகை முன்னால் நிற்கும்போதுகூட மனம் வயிற்றிலேயே இருக்கும். தழும்பு ஆறி ஓராண்டுகூட ஆகாத உடம்பில் இன்னொரு கரு என்றால் என்ன செய்வது என்ற பயத்தில் தூக்கம் கெட்டது. பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நானாக முடிவெடுத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டேன். கெடு தாண்டியதும் செவிலியர் அக்கா பரிசோதனை அட்டை கொடுத்தார். காலை முதல் சிறுநீரில் பார்த்தேன், ஒற்றைக் கோடுதான். குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அழுதேன். அடுத்த சில நாள்களில் மாதவிடாய் வந்தது. நான்காம் மாதத்துக்கு மேல் சுழற்சி ஒரு ஒழுங்குக்கு வந்தது. உதிரப்போக்கும் முன்பைவிடக் குறைந்தது. சாயாவைத் தொடங்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் இந்தத் தாமதத்தைப் பற்றி ஒருமுறைக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும். பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள்.

ஒரு மாதம் சுகாதார நிலையத்தில் சாயா கையிருப்பு இல்லை. மருந்துக் கடையில் சஹேலி வாங்கிக்கொள்ளலாம், அதே மருந்துதான் என்று அங்கேயே சொன்னார்கள். அட்டைக்கு எட்டு மாத்திரை. அட்டையின் பின்பக்கம் பெயரும் அளவும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்கினேன். கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, யாரும் பார்க்காதபடி கொடுத்தார். நான் தாளைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது கடைசி இரண்டு மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுகிறோம்.

தவறினால் என்ன செய்வது என்பதையும் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். நினைவு வந்த உடனே தவறிய மாத்திரையைச் சாப்பிட வேண்டும். ஏழு நாளுக்குள் என்றால் வழக்கமான கிழமைகளையே தொடர்ந்து, அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாளுக்கு மேல் போய்விட்டால் புதிதாகத் தொடங்குவதுபோல், மீண்டும் மூன்று மாதம் வாரம் இரண்டு.

என் பள்ளித் தோழி ஒருவர் மாலா-என் சாப்பிட்டுவந்தார். அதன் கணக்கு வேறு. 28 மாத்திரைகளில் 21 ஹார்மோன், மீதி ஏழும் இரும்புச்சத்து. ஒன்று தவறினால் நினைவு வந்ததும் சாப்பிட வேண்டும், அதனால் ஒரே நாளில் இரண்டு சாப்பிட நேர்ந்தாலும் சரி. இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாகத் தவறியதைச் சாப்பிட்டுவிட்டு ஏழு நாள் ஆணுறை. அவருக்கு ஒற்றைத் தலைவலி வரும்; வலி தொடங்குமுன் கண்ணில் ஒளிக்கோடுகள் நெளியும். இதை அவர் மருத்துவரிடம் சொன்னதும் உடனே மாலா-என்னை நிறுத்தச் சொன்னார்கள். அப்படிப்பட்ட தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடும். தொடங்கும்போதே யாராவது இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. தோழிக்கோ அக்காவுக்கோ ஒத்துப்போன மாத்திரையை நாமும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்போது எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான். திங்கள் தாள்களில் வட்டம் இல்லை. மகளுக்கு மூன்று வயது ஆகும்போது நிறுத்தலாம் என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருக்கிறோம். நிறுத்துவதற்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும், ரத்த அளவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று செவிலியர் அக்கா குறித்துக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டும் அலமாரிக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.