வானத்தில் எத்தனை கோடு!

நெதர்லாந்தின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பழைய அச்சுப்படங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நேற்று ராத்திரி தூக்கம் போனது அதனால்தான். 18ஆம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டு அச்சு ஒன்று: ஆம்ஸ்டர்டாமின் வெஸ்டர்கெர்க் தேவாலயம், முன்னால் கால்வாய், தெருவில் ஜனங்கள்.

கோபுர உச்சியில் மாக்சிமிலியன் பேரரசரின் கிரீடம். தேவாலயத்தின் உச்சியில் சிலுவைக்குப் பதில் கிரீடம் வைத்த ஊர்! 1669இல் ஓவியர் ரெம்பிராண்ட்டைப் புதைத்ததும் இங்கேதான். சரி, அது இருக்கட்டும். என் கண் போனது ஒரு குதிரை வண்டிமேல். பெரிதாக்கிப் பார்த்தால் சக்கரமே இல்லை! பெட்டியைச் சறுக்குக்கட்டைமேல் வைத்துக் கல் தெருவில் இழுத்துப்போகிறது குதிரை. தெரு கெடுகிறது, சத்தம் தாங்கவில்லை என்று அந்த ஊரில் சக்கர வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருந்தது. வண்டிக்காரர் பக்கத்திலேயே நடந்துவருவார், கையில் எண்ணெய்த் துணியோடு. கட்டை வழுக்கிப்போக அவ்வப்போது அதைக் கீழே போடவேண்டும். என்ன பிழைப்பு பாருங்கள்.

அப்புறம் அந்த வானம். மேகம் கிடையாது, வெறும் கிடைக்கோடுகள். மேலே நெருக்கம், கீழே இறங்க இறங்க இடைவெளி. அவ்வளவுதான், வெளிச்சம் வந்துவிடுகிறது. அச்சிடும்போது படம் திரும்பி விழும் என்பதால், இத்தனையையும் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கியிருக்கிறார் இதைச் செய்த கலைஞர். எனக்கு நேராகவே ஒரு கோடு வராது.